கட்டியின் ஜாதகம்

“வைரஸை உடம்பில் செலுத்திப் புற்றுநோயையே தின்னச் செய்கிறார்களாமே, உண்மையா?” என்று சங்கத்து அன்பர் ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் ஒருவருக்குச் சினைப்பைப் புற்றுநோய். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன். ஆனாலும் படித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உண்டு.

நம் செல்களில் பி-53 என்றொரு மரபணு இருக்கிறது. கோளாறான செல் பெருகாதபடி சிவப்பு விளக்குப் போடுவது அதன் வேலை. சளிக்காய்ச்சல் தரும் அடினோவைரஸ் உள்ளே நுழைந்ததும், தன் புரதம் ஒன்றால் இந்தச் சிக்னலை முடக்கிவிட்டுத்தான் பெருகும். அமெரிக்க விஞ்ஞானிகள் அந்தப் புரதம் இல்லாத வைரஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பெயர் ஓனிக்ஸ் 015. நல்ல செல்லில் அது அடங்கிப்போகும், பி-53 பழுதான புற்றுச் செல்லில் மட்டும் பெருகி அதை உடைக்கும் என்பது 1996இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு. சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் பேருக்கு வரும் உக்கிரமான வகையில், 100க்கு 95 பேருக்கு மேல் பி-53 பழுதுதான். இந்த நோய்க்கென்றே செய்த மருந்து என்று தோன்றுகிறதல்லவா?

நடந்தது வேறு. நோய் திரும்பிய 16 பெண்களுக்கு வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கட்டி தெளிவாகச் சுருங்கவில்லை என்று 2002இல் எழுதினார்கள். 2004இல் இன்னொன்று தெரிந்தது. நீக்கிய புரதத்துக்கு வேறு வேலையும் இருந்தது: வைரஸின் ஆர்.என்.ஏ.யை உட்கருவிலிருந்து வெளியே அனுப்புவது. அந்த வேலையைத் தானே செய்து கொடுக்கும் கட்டியில்தான் இந்த வைரஸ் பெருகுகிறது. பி-53 பழுதா இல்லையா என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. ஒரு லீவரைக் கழற்றினால் வேறு எந்தப் பாயிண்ட் நிற்கும் என்பதற்கு எங்களிடம் இன்டர்லாக்கிங் அட்டவணை இருந்தது. பாவம், அவர்களிடம் அப்போது இல்லை.

முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. இதன் நெருங்கிய உறவான வைரஸ் ஒன்றைச் சீனா 2005இல் தலை, கழுத்துப் புற்றுக்கு அனுமதித்தது. 2015இல் அமெரிக்கா, மெலனோமா என்ற தோல் புற்றுக்கு வேறொரு வைரஸை அனுமதித்தது. சினைப்பைக்கு வக்சீனியா வைரஸ் மூன்றாம் கட்டச் சோதனை வரை வந்திருக்கிறது. ஆனால் சோதனை வேறு, சிகிச்சை வேறு. ‘வைரஸ் வைத்தியம்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் வீட்டுப் பத்திரத்தோடு போகாதீர்கள்.

அதற்கு முன் பி.ஆர்.சி.ஏ. 1, 2 மரபணுச் சோதனை செய்யலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அவற்றில் பழுது இருந்தால் ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. இந்தப் பழுது பரம்பரையாகவும் வரும். தாய் வழியில் மட்டுமல்ல, தகப்பன் வழியிலும், பாதிக்குப் பாதி. பெண்ணின் கல்யாணம் தடைப்படும் என்று இதை மறைப்பவர்களை எனக்குத் தெரியும். பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் இதை மறைப்பது என்ன நியாயம்? ஊரில் ‘வயிற்றுக் கட்டி’ என்று போய்ச் சேர்ந்த அத்தையை இங்கே வளரும் நம் பெண்கள் பார்த்ததுகூட இல்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள்: யாருக்கு, எந்த வயதில், என்ன நோய்.