சீசாவுக்குச் சட்டை போடுங்கள்!

பிரான்சு நாட்டில் "ஒயின் சுவைக்கும் விருந்து" என்று ஒன்று நடக்கிறது. ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் மது. வீட்டுக்காரர் நாலைந்து வகை ஒயின் வாங்கி வைப்பார். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான தின்பண்டமும் வைப்பார். நண்பர்கள் ஆறு பேர், எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றுவார்கள். நிறத்தைப் பார்ப்பார்கள். முகர்ந்து பார்ப்பார்கள். ஒரு வாய் சுவைப்பார்கள். பிறகு பேசுவார்கள், பேசுவார்கள், நள்ளிரவு வரை பேசுவார்கள்!

"இந்தக் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள்.

நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களே! ஈழத்தில் இருந்து போனவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரிக் குடும்பங்கள் இருக்கின்றன. படிக்கவும் வேலை பார்க்கவும் போனவர்கள் இருக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர், "சனிக்கிழமை என் வீட்டுக்கு வா" என்று அன்பாக அழைக்கிறார். பையன் போகிறான். அங்கே சுற்றி இருப்பவர்கள், "ஆகா, செர்ரிப் பழ வாசனை! ஆகா, மரப்பட்டை வாசனை!" என்கிறார்கள். இவனுக்கோ புளிப்பு ஒன்றுதான் தெரிகிறது. என்ன செய்வான்? இவனும் "ஆகா" என்று ஒரு பொய் சொல்லி வைக்கிறான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவனோ, கோபித்துக் கொள்வார்களோ என்று பயந்து கிண்ணத்தை நீட்டுகிறான்.

அந்தப் பொய்யும் அந்தப் பயமும் விருந்துக்கு அழகல்ல. அவை இரண்டும் வராமல் பார்த்துக் கொள்வது விருந்து வைப்பவரின் பொறுப்பு. அதற்கு அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, சீசாவின் முகத்தை மறைப்பது!

காகிதப் பையில் போட்டுக் கட்டலாம். ஒரு பழைய காலுறையை மாட்டலாம். மேலே 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். தக்கையையும் எடுத்து ஒளித்து வைக்க வேண்டும். அதிலும் பெயர் அச்சிட்டிருப்பார்கள். விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் கொடுக்க வேண்டும். முதலில் எழுத வேண்டும், பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால், முதலில் பேசுகிறவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள்.

பாரீஸ் போட்டி

சீசாவை மூடினால் என்ன நடக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய போட்டி ஒன்று உண்டு. 1976-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி பாரீஸ் நகரில் அது நடந்தது. அங்கே ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் அதை ஏற்பாடு செய்தார். பிரான்சின் புகழ் பெற்ற ஒயின்களும், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் செய்த ஒயின்களும் வரிசையாக வைக்கப்பட்டன. கணக்கில் எடுத்துக் கொண்ட மதிப்பெண்களைப் போட்டவர்கள் 9 பேர். எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். ஒயினிலேயே ஊறியவர்கள்!

எந்தக் கிண்ணத்தில் எந்த நாட்டு ஒயின் என்று அவர்களுக்குத் தெரியாது. கலிபோர்னியா ஒயினைச் சுவைத்த ஒருவர், "இதுதான் பிரான்சு" என்று பூரித்துப் போனாராம்! முடிவு என்ன தெரியுமா? வெள்ளை ஒயினில் முதல் இடம் கலிபோர்னியாவின் சாட்டோ மான்டலீனாவுக்கு. சிவப்பு ஒயினில் முதல் இடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப்புக்கு. இரண்டும் 1973-ம் ஆண்டு திராட்சையில் செய்தவை. முடிவைக் கேட்டதும் ஒரு நடுவர், தான் எழுதிய மதிப்பெண் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

அந்த 9 பேரும் பொய்யர்கள் அல்லர். அன்று அவர்கள் பேசியது உண்மை. சீசாவின் பெயரைப் பார்த்திருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது. அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேடிக்கை. போர்தோ நகரில் ஒயின் பற்றிப் படிக்கும் மாணவர்கள் 54 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளை எல்லாம் அதற்குச் சொன்னார்கள்! 2001-ம் ஆண்டு இந்தச் சோதனையின் விவரம் வெளிவந்தது. 2008-ல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை. ஒரே ஒயினையே இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். 10 டாலர் என்று சொன்னபோது கிடைத்ததை விட, 90 டாலர் என்று சொன்னபோது அதிக ருசி தெரிந்தது சுவைத்தவர்களுக்கு.

படித்தவர்களுக்கே கண்ணும் காதும் நாக்கை ஏமாற்றுகின்றன. நேற்று வந்து உட்கார்ந்த பையன் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

துவர்ப்பும் கொழுப்பும்

தின்பண்டம் வைப்பதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. சமையல் தெரிந்த நம் தாய்மார்களுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும்.

சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. திராட்சையின் தோலில் இருந்தும் விதையில் இருந்தும் அது வருகிறது. வாழைக்காய்க் கறை நாக்கில் பட்டால் வாய் இழுக்குமே, அதே துவர்ப்பு. எச்சிலில் வழவழப்பாக இருக்கும் சத்தை அது பிடித்துக் கொள்கிறது. வாய் வறண்டு போகிறது. கூடவே கொழுப்புள்ள பாலாடைக்கட்டியோ இறைச்சியோ தின்றால் துவர்ப்பு அடங்குகிறது. கட்டித் தேநீரில் பால் சேர்ப்பதும் இதே காரியம்தான்.

சோத்தேர்ன் என்று ஓர் இனிப்பு ஒயின். ரோக்ஃபோர் என்று ஓர் உப்புப் பாலாடைக்கட்டி. ஆட்டுப் பாலில் செய்வது. இரண்டையும் சேர்த்து வைப்பது அந்த நாட்டு வழக்கம். கொய்யாப் பழத்தை உப்புத் தொட்டுத் தின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஒன்று சொன்னால் முகம் சுளிப்பீர்கள். அந்த ஒயினுக்கான திராட்சையும் பூஞ்சணம் பிடித்தது. அந்தக் கட்டியும் பூஞ்சணம் பிடித்தது! பிடிக்க விட்டே செய்கிறார்கள்.

இனிப்பை முதலில் கொடுக்கக் கூடாது. பாயசம் குடித்த வாயோடு காபி குடித்துப் பாருங்கள், தெரியும். இனிப்பில்லாத வெள்ளை ஒயின் முதலில், சிவப்பு அடுத்து, இனிப்பு கடைசியில். நம் ஊர்க் காரக் குழம்பை அன்று மேஜைக்குக் கொண்டு வர வேண்டாம். சாராயச் சத்து மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். சிவப்பு ஒயினோடு சேர்ந்தால் வாய் பற்றி எரியும். ஊதுபத்தி, அத்தர், மல்லிகை மூன்றும் அன்று வேறு அறையில் இருக்கட்டும். மூக்குக்கு வேலை இருக்கிறது.

படிக்கம் எங்கே?

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

ஒரு சீசாவில் 750 மில்லி இருக்கிறது. சுவைப்பதற்கு ஒருவருக்கு 50 மில்லி ஊற்றினால் போதும். கொஞ்சம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வகை என்றால் 250 மில்லி. நூற்றுக்கு 12 பங்கு சாராயம் உள்ள ஒயின் என்றால், உள்ளே போகும் சாராயம் ஏறக்குறைய 24 கிராம். பிரான்சு நாட்டுச் சுகாதாரத் துறையார் 2017-ல் சொன்ன அளவு என்ன? ஒரு நாளைக்கு இரண்டு கிண்ணத்துக்கு மேல் கூடாது, தினமும் கூடாது. அவர்கள் கணக்கில் ஒரு கிண்ணம் என்பது 10 கிராம் சாராயம். சுவைத்ததை எல்லாம் விழுங்கினால், சுவைத்துப் பார்த்ததிலேயே அளவு தாண்டி விட்டது!

அதனால்தான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் விழுங்குவதில்லை. வாயில் வைத்துச் சுவைத்து விட்டுத் துப்பி விடுகிறார்கள். வெற்றிலை போடும் வீடுகளில் படிக்கம் வைத்திருப்பார்களே, அதுபோல் ஒரு பாத்திரம் மேஜையில் இருக்கும். வீட்டு விருந்தில் இதை வைக்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் என்ன கூச்சம்? படிக்கம் வைக்காத விருந்தை நான் சுவைக்கும் விருந்து என்று ஒப்புக் கொள்ள மாட்டேன். அது வெறும் குடி.

குடி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தாலி அடகுக்குப் போன வீடுகளைப் பார்த்தவர்கள் நாம். பிரெஞ்சுக்காரர்களும் பட்டுத்தான் திருந்தினார்கள். அங்கே பள்ளிக்கூடச் சாப்பாட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட ஒயின் கொடுத்து வந்தார்கள்! 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 1956-ல்தான் தடை வந்தது. 1960-ம் ஆண்டு வாக்கில் ஆளுக்கு வருஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்த நாடு, இப்போது சுமார் 40 லிட்டருக்கு இறங்கி இருக்கிறது. கிண்ணத்தைத் தூக்கும்போது அவர்கள் சொல்லும் சொல்லுக்கு "ஆரோக்கியம்" என்று பொருள். எந்த அளவு மதுவும் உடம்புக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லி விட்டது!

ஆகவே, "எனக்கு வேண்டாம்" என்று சொல்கிறவருக்கு விருந்தில் என்ன இடம் என்பதுதான் என் கேள்வி. அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது மரியாதை அல்ல. ஏன் வேண்டாம் என்று கேட்பது அதைவிட மோசம். மருந்து சாப்பிடுகிறவராக இருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கலாம். மதமோ, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கோ தடுக்கலாம். எதுவாக இருந்தால் என்ன? புளிக்க வைக்காத திராட்சைச் சாறு கிடைக்கிறது. ஆப்பிள் சாறு கிடைக்கிறது. அதையும் இரண்டு மூன்று வகை வாங்கி, அதே மாதிரிச் சட்டை போட்டு, எண் எழுதி, அதே மாதிரிக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். அவருக்கும் ஒரு காகிதம், ஒரு பென்சில்.

பாலாடைக்கட்டி எப்படி இருக்கிறது என்று அவரிடம் முதலில் கேளுங்கள். அந்த மேஜையில் கடைசி வரை நாக்கு மரத்துப் போகாமல் இருப்பவர் அவர்தான். விருந்து முடிந்ததும் மற்றவர்களை வண்டியில் ஏற்றிக் கொண்டு போய் வீட்டில் விடப் போகிறவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.