ஏட்டுச் சுரைக்காயா சீவகாருண்யம்?

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், பசுவின் கண்ணீருக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனையும் அறியாத தமிழ் மாணவன் இந்நாட்டில் அரியன். அருளுடைமை, கொல்லாமை என வள்ளுவர் வகுத்த அதிகாரங்களை நாம் வகுப்பில் விளக்குகிறோம். 1867ஆம் ஆண்டில் வடலூரில் தருமச்சாலை நிறுவிய வள்ளலாருக்கு விழா எடுக்கிறோம். ஆனால், பள்ளி வாயிலைக் கடந்ததும் அதே மாணவன் தெருநாயைக் கண்டால் கல்லைத் தேடுகிறான். பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும் கிள்ளான் சந்தையோரங்களிலும் பூனைக்குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்போரில் நம்மவரும் உண்டு. இக்குறை யாருடையது? கற்பித்த நம்முடையதே.

கிள்ளானுக்கு அருகிலுள்ள கேத்தாம் தீவில் 2009ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைவுகூர்க. நாய்கள் பெருகிவிட்டன என்று சொல்லி, முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் கொண்டுபோய் விட்டனர். உணவுமில்லை; குடிநீருமில்லை. பசி தாளாது ஒன்றையொன்று தின்றன எனச் செய்திகள் வந்தன. விலங்கு நல அமைப்புகளின் தொண்டர்கள் படகேறிச் சென்று, சேற்றில் இறங்கி, உயிரோடிருந்தவற்றுள் சிலவற்றை மீட்டனர். கொல்லவில்லை, விட்டுவந்தோம் என்பது எத்தகைய அறம்? கண்ணுக்கு மறைவாகச் சாகவிடுவதும் கொலையே.

அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் போன்றவை பொதுமக்கள் தரும் நன்கொடையை நம்பியே நடக்கின்றன. அடிபட்டதை எடுத்து மருந்திடுதல், கருத்தடை செய்தல், வளர்ப்போரைத் தேடித் தருதல் என அவர்கள் பணி ஓய்வதில்லை. நாமோ வேண்டாத குட்டிகளை இத்தகைய காப்பகங்களின் வாயிலில் இறக்கிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக மகிழ்கிறோம். ஈராண்டு வளர்த்த நாயை வீடு மாறும்போது கைவிட்டு, அதன் பசியைப் பிறர் தலையில் ஏற்றுவது புண்ணியமன்று, பொறுப்பின்மை.

"மனிதனுக்கே சோறில்லை, நாய்க்கு எதற்கு?" என்பார் உளர். இவர்களுள் எத்தனை பேர் மனிதனுக்குச் சோறிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரக்கம் ஓரிடத்தில் செலவானால் மற்றோரிடத்தில் குறைவதற்கு அது பணமன்று.

பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கும் முழுமையாக இல்லை. நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒரு பெண்நாய் திரிந்தது. பெற்றோர் அஞ்சினர், அவர்கள் அச்சம் நியாயமானதே. நானோ உரியவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அமைந்தேன். பிடித்துச் சென்றனர். மூன்றாம் நாள் மேடையின் அடியிலிருந்து முனகல் கேட்டது. கண் திறவாத நான்கு குட்டிகள்; இரண்டு இறந்திருந்தன. "இவற்றின் அம்மா எங்கே ஐயா?" என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அன்று காலைச் சபைகூடலில் அருளுடைமை பற்றிப் பேசியவன் நான். எனக்கு விடை வரவில்லை. எஞ்சிய இரண்டையும் தொண்டர் இருவர் வந்து எடுத்துச் சென்று புட்டிப்பால் ஊட்டிக் காத்தனர்.

2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வதை புரிவோர்க்கு ஓரிலட்சம் வெள்ளி வரை தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க வழி செய்கிறது. சட்டம் கையைத் தடுக்கும், நெஞ்சை இளக்காது. அது பள்ளியின் கடமை.

ஆசிரியப் பெருமக்களே! அருளுடைமைப் பாடம் நடத்தும் வாரத்தில் மாணவரைக் காப்பகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள், கூண்டு கழுவட்டும். மாணவச் செல்வங்களே! வீட்டில் வளரும் பூனைக்கும் நாய்க்கும் கருத்தடை செய்யப் பெற்றோரிடம் வற்புறுத்துங்கள். ஒரு நாய் ஆறேழு திங்களிலேயே கருவுறத் தக்கது. இரண்டே திங்களில் ஈன்றுவிடும். இன்று நாம் காட்டும் அலட்சியமே நாளைய தெருநாய். பேகனின் கதைக்குத் தேர்வில் முழு மதிப்பெண் பெறுவது எளிது. தெருவோரத்தில் நடுங்கும் குட்டியின் முன் நாம் என்ன செய்கிறோம் என்பதே உண்மையான தேர்வு.