பயிற்சித் துவக்குகளும் நம் கரையும்

மேலைநாடுகளிலே பழைய படைப்பயிற்சித் துவக்குகளைத் தேடிச் சேர்ப்போர் பலருளர். தபால் முத்திரை சேர்ப்போர் ஒரு முத்திரைக்கு அலைவது போல இவர் ஒரு துவக்குக்கு அலைவர். அவ்வார்வத்தை நாம் இகழோம். ஆயின், கல்முனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் இக்கரையில் அது தனியார் வீட்டுச் சுவருக்கு உரிய அலங்காரமாகாது. ஊரார் கூடிப் பொதுவிடத்திலே செய்யவேண்டிய பணியாகும் என்பதே நம் கருத்து.

பயிற்சித் துவக்கு என்பது யாது? தேய்ந்து போன படைத்துவக்கின் ஊசிமுனையை வெட்டி, குழாயின் அடியிலே துளையிட்டு, இனி ஒருபோதும் சுடாதவாறு பழுதாக்கி, 'டீ. பீ.' என்னும் ஈரெழுத்தைப் பொறித்துக் கொடுப்பது பிரித்தானியர் வழக்கம். மரப்பகுதியில் வெள்ளைப் பட்டை தீட்டுவதும் உண்டு. இவற்றுட் பல, உலகப்போர்கள் இரண்டிலும் வழங்கிய .303 அங்குல லீ-என்பீல்ட் துவக்குகள். ஏறக்குறைய 4 கிலோகிராம் நிறையுடையவை. குறிபார்க்கப் பழகுவதற்கோ .22 அங்குலக் குழாய் பொருத்திய துவக்குகள் இருந்தன. அவற்றின் குண்டு மலிவு, உதைப்பும் குறைவு, சிறுவர் தோள் தாங்கும்.

இவற்றினும் விந்தையானது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட சுவிப்ற் என்னும் பயிற்சித் துவக்கு. அதிலிருந்து குண்டு புறப்படுவதில்லை. விசையை இழுத்தால் ஊசி ஒன்று முன்னே பாய்ந்து, எதிரிலுள்ள கடதாசியைக் குத்தி, குறி தப்பியதா இல்லையா என்று காட்டும். அமெரிக்காவிலோ, உண்மைத் துவக்குகள் போர்முனைக்குத் தேவைப்பட்டமையால், அயோவா மாநிலத்துக் கிளாரிண்டா நகரில் மரத்தாற் போலித் துவக்குகள் செய்து கடற்படையினர்க்கு அணிநடை பழக்கினர். சுடாத பொருளுக்கு இன்று நல்ல விலை கொடுப்போர் அங்கே உளர்.

ஈண்டு ஒன்று கூறாமல் இருக்க முடியவில்லை. நம் பகுதியார் வாயில் வழங்கும் துவக்கு என்னும் சொல்லும், நூல்வழக்கான துப்பாக்கியும் துருக்கி மொழிவழி வந்தவை என்பர். சிங்களத்தாரும் துவக்குவ என்றே வழங்குவர். ஆயினும் தொடங்குதல் என்னும் பொருளிலும் தமிழில் துவக்கு என்றொரு சொல் உண்டு. தமிழாசிரியராகிய நமக்கு இரண்டையும் ஒருங்கே எண்ணாதிருத்தல் அரிது.

இலங்கையில் மாணவர் படையணி 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியிலே தொடங்கிற்று. பின்னர்ப் பல கல்லூரிகளுக்கும் பரவிற்று; தியத்தலாவையில் முகாம்கள் நடைபெற்றன. காலம் தவறாமை, உடை ஒழுங்கு, பிறரோடு அடி ஒத்து நடத்தல் ஆகியவற்றை அங்கே கற்றோர் பலர். பழுதாக்கப்பட்ட துவக்கையே மாணவன் கையிற் கொடுத்தமையில் ஓர் எல்லை இருந்தது. 'பிடிக்கப் பழகு, கொல்லப் பழகாதே' என்று அத்துளை சொல்லிற்று என்று கூடக் கொள்ளலாம்.

நம் கரை கண்ட பயிற்சி அஃதொன்று மாத்திரமன்று. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலே விடுதலைப் புலிகள் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டனர். மரத்துவக்கைத் தோளில் வைத்துப் பயின்றவர்க்கு அடுத்து உண்மைத் துவக்கே கைக்கு வந்தது. அங்கே எல்லை இருக்கவில்லை. 2004 ஏப்பிரலில், இயக்கம் கிழக்கிலே பிளவுபட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் வீடு திரும்பினர். பிரிந்த அணியும் பின்னர்ச் சிறுவரைச் சேர்த்தது. தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கிடக்கும் இக்கரையிலே, துவக்கைக் கண்டு அஞ்சாத தெரு ஒன்றேனும் அக்காலத்தில் இருந்ததா? அத்தகைய ஊரில், வரவேற்பறையிலே துவக்கு மாட்டி விருந்தினர்க்குக் காட்டுவதை அழகென்று எவ்வாறு கொள்வது? 1916 ஆம் ஆண்டு முதல் நாட்டில் வழங்கிவரும் சுடுபடைக்கலச் சட்டமும் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருக்க இடந்தராது.

ஆகவே அவை முற்றாக மறைந்து போகட்டும் என்பாரும் உளர். அதற்கும் நாம் உடன்படோம். 2023 இல் நெதர்லாந்து நமக்குத் திருப்பித் தந்த கண்டிக்காலப் பொருள்கள் ஆறனுள் இரண்டு பெருந்துவக்குகள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் அவை வேண்டப்பட்டன அல்லவா? படைக்கலமும் வரலாற்றுச் சான்றே. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இராணுவத்தின் நூதனசாலை உண்டு. ஆயின் படையினர் சேர்த்தது படையினர் கதையையே கூறும். பாடசாலையின் கதையைப் பாடசாலைதான் கூறவேண்டும்.

பழைய மாணவர் சங்கங்கள் இதனை மேற்கொள்ளலாம். துவக்கை எவரும் தேடி அலையவேண்டியதில்லை. பழுதாக்கப்பட்ட ஒன்றை உரிய அதிகாரிகளிடம் முறைப்படி கேட்டுப் பெற்றுக் கண்ணாடிப் பேழையிற் பூட்டி வைத்தால் அமையும். அதனினும் முந்திச் சேர்க்கவேண்டியவை இடைவார், தொப்பிச் சின்னம், அணிநின்ற நிழற்படம், பெயர்ப்பட்டியல் என்பன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் இம்மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களில் வீடுகளோடு ஏடுகளும் போயின. அணியில் நின்றோர் பலர் இன்று முதியோர். நிழற்படத்தில் நிற்பவர் இன்னாரென்று அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.

அப்பேழையிலே, வெள்ளைப் பட்டைத் துவக்கின் அருகில், காட்டிலே சிறுவர் சுமந்த மரத்துவக்கு ஒன்றும் இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒருசேர வையாத காட்சியை நாம் ஒப்போம். மரத்துவக்கு கிடையாதாயின், அதற்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டு, பெயரை மாத்திரம் எழுதி வைக்கலாம்.