மூளை அறிவியலும் தாய்மொழியும்



பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் என்ன படிப்பது என்னும் வினா எழுந்தவுடன், மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு விடைகளே நம் வீடுகளில் முந்திக்கொண்டு வருகின்றன. மார்டள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. அவ்விரண்டுக்கும் அப்பால் வளர்ந்துவரும் துறை ஒன்று உண்டு. அதனை மூளை அறிவியல் என்றும் நரம்பறிவியல் என்றும் வழங்குவர். இளநிலைப் பட்டத்திற்கு அதனைத் தேர்ந்தெடுக்கலாமா? தேர்ந்தெடுக்கலாம் என்பதே என் கருத்து. வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் வழங்கி வளரும் உங்களுக்கு அத்துறையில் தனிப்பயன் உண்டு என்றும் கருதுகிறேன்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மின்துடிப்புகளாலும் வேதிப்பொருள்களாலும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. நாம் நினைப்பதும் பேசுவதும் அஞ்சுவதும் அப்பரிமாற்றத்தின் விளைவுகளே. ஆதலின் இத்துறைக்கு உயிரியல் மட்டும் போதாது. இயற்பியல், வேதியியல், கணிதம், உளவியல், மொழியியல் ஆகிய அனைத்தும் வேண்டும். 1861ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் பால் புரோக்கா, பேசும் ஆற்றலை இழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்ததைக் கண்டார். பேச்சுக்கும் மூளையின் ஒரு பகுதிக்கும் உள்ள தொடர்பு அவ்வாறே வெளிப்பட்டது. மொழி ஆராய்ச்சி இத்துறையின் தொடக்கக் காலத்திலேயே வேரூன்றியது என்பதற்கு இது சான்று.

“அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நரம்பறிவியல் இளநிலைப் பாடமாக உள்ளது. நம் நாட்டில் அப்பெயரில் இளநிலைப் பட்டம் அரிதாயிற்றே!” எனச் சிலர் தயங்குவர். தயக்கம் இயல்பே. ஆயினும் பட்டத்தின் பெயரைவிட அடித்தளமே முதன்மையானது. தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, உலகறிந்த மூளை ஆய்வாளர் ஆனார். கையை இழந்தோர் சிலர், இல்லாத அக்கையில் வலி இருப்பதாக உணர்வர். அவர் ஓர் எளிய கண்ணாடியைப் பயன்படுத்தி, நலமான கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். அதனால் சிலருக்கு வலி தணிந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 2011 முதல் நான்காண்டு இளநிலை அறிவியல் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. அங்கு உயிரியலை முதன்மைப் பாடமாகக் கொள்ளலாம். நரம்பறிவியலுக்கெனத் தனி மையமும் அங்கே உண்டு. மேற்படிப்பிற்கு அதே நகரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளது.

மைசூருவிலும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் அந்நகரில் உள்ளது. செவித்திறனும் பேச்சும் மொழியும் குறித்த இளநிலைப் பட்டப்படிப்பு அங்கு உண்டு. செய்முறைப் பயிற்சி ஆண்டையும் சேர்த்து அது நான்கு ஆண்டுகள். மூளைக்கும் மொழிக்கும் உள்ள உறவைக் கற்பதோடு, கேளாக் குழந்தைக்கும் பேச்சிழந்த முதியவருக்கும் துணைநிற்கும் தொழிலையும் அப்படிப்பு தருகிறது.

இங்கேதான் தாய்மொழியின் தேவை புலப்படுகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு தமிழ் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். ஆய்வாளர் கன்னடத்தில் மட்டும் வினவினால், மூதாட்டியின் மௌனத்திற்குக் காரணம் நோயா, மொழி அறியாமையா என்று எவ்வாறு பிரித்தறிவது? பல மொழி பேசுவோர் சிலருக்கு, நோய்க்குப்பின் ஒரு மொழி விரைவில் மீள, மற்றொன்று பின்தங்குவதும் உண்டு. அவரோடு அவருடைய மொழிகள் அனைத்திலும் உரையாட வல்லவரே அதனை நன்கு மதிப்பிட இயலும். நீங்கள் விருப்பப் பாடமாகப் பயிலும் தமிழ், அந்நாளில் ஒரு மருத்துவக் கருவிக்கு நிகராகும்.

“பல மொழிகள் பிள்ளையின் மூளைக்குச் சுமை” என்று அஞ்சும் பெற்றோரும் உளர். இதற்கு ஐதராபாத்து ஆய்வு ஒன்று விடை தருகிறது. சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோயுற்ற 648 பேரை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். ஒரே மொழி பேசியோரைவிட, ஒன்றிற்கு மேற்பட்ட மொழிகள் பேசியோருக்கு நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியிருந்தன. எழுத்தறியாதோரிடமும் அவ்வேறுபாடு காணப்பட்டது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இம்முடிவையே தரவில்லை என்பதும் உண்மை. அவ்வாய்வை மேலும் தொடர வேண்டியோர் பலமொழிச் சூழலில் வளர்ந்த உங்களைப் போன்றோரே.

இளநிலைப் பட்டம் பெற்றவுடன் ஆய்வாளராகிவிட முடியாது. மேற்படிப்பும் பொறுமையும் வேண்டும். குடும்பத்திற்கு விரைவில் ஊதியம் தேவையெனில், தொழிலோடு இணைந்த மைசூருப் படிப்பு தக்கது. நெடிது கற்க வாய்ப்புள்ளோர் அறிவியல் பட்டத்தின் வழியே ஆய்வை நாடலாம். எவ்வழி சென்றாலும், மதிப்பெண்ணுக்காகத் தமிழைக் கைவிடாதீர்கள். அறிவியல் பாடங்களோடு அதனையும் பிழையறக் கற்றுவாருங்கள்.

அருஞ்சொற்பொருள்
நரம்பணு – நரம்பு மண்டலத்தின் அடிப்படை உயிரணு
செவிப்புலன் – கேட்கும் ஆற்றல்
மறதிநோய் – நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குன்றும் நோய்

சிந்தித்து எழுதுக
1. பேச்சிழந்தவரை அவருடைய தாய்மொழியிலும் ஆராய வேண்டும் என்பதற்குக் கட்டுரை கூறும் காரணம் யாது?
2. “பட்டத்தின் பெயரைவிட அடித்தளமே முதன்மையானது.” இக்கருத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? காரணத்துடன் எழுதுக.
3. உங்கள் வீட்டுப் பெரியோர் ஒருவர் எந்தெந்த மொழியை எங்கெங்கே பேசுகிறார் என்று கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.