கடிக்கும் கதவும் மூன்றாவது கம்பியும்

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் மாமா ஒரு மோட்டார்ஹோமோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். படுக்கை, சமையல் மேடை, சிறிய குளிர்பெட்டி, கூரையில் ஏர்கோன் என்று ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றியது போன்ற வண்டி. நண்பரிடம் இரவல் வாங்கியது. மறுநாள் கேமரன் மலைக்குப் போகத் திட்டம். அன்றிரவு பேத்தியோடு வண்டியிலேயே படுக்கப் போவதாகச் சொன்ன மாமா, மின்கம்பி ஒன்றை எங்கள் சன்னல் வழியாக உள்ளே நீட்டி, வரவேற்பறைச் சாக்கெட்டில் சொருகச் சொன்னார். சொருகினோம். விளக்கு எரிந்தது, ஏர்கோன் ஓடியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

மாலையில் மழை பெய்து ஓய்ந்தது. வெறுங்காலோடு வெளியே ஓடிய பேத்தி, வண்டிக் கதவின் உலோகப் பிடியைத் தொட்டதும் கையை உதறினாள்.

"தாத்தா, கதவு கடிக்குது!"

மாமா போய்த் தொட்டுப் பார்த்தார். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் டெஸ்ட் பேனாவை எடுத்துக் கதவில் வைத்தேன். அதன் சிறிய விளக்கு ஒளிர்ந்தது. ஓடிப்போய்ச் சாக்கெட்டை அடைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன் தம்பி பிடுங்கினே? ஆபத்துன்னா ஆர்சிசிபி விழுந்திருக்குமே. லைட்டு எரியுது, ஏர்கோன் ஓடுது. பின்ன என்ன?"

இந்தக் கேள்விக்கு அன்று வாசலில் நின்று அரைகுறையாகப் பதில் சொன்னேன். மாணவர்களே, உங்களுக்கு முழுப் பதிலைச் சொல்கிறேன். ஏனெனில் இப்போது விடுமுறைக்கு விடுமுறை இந்த மாதிரி வண்டிகளைச் சாலையில் அதிகம் பார்க்கிறேன். உங்கள் வீட்டு வாசலிலும் ஒருநாள் ஒன்று வந்து நிற்கலாம்.

"லைட்டு எரியுது" என்பதுதான் நம்மில் பலரிடம் உள்ள ஒரே சோதனை. மின்சாரத்தில் அதைவிட மோசமான சோதனை கிடையாது என்பது என் கருத்து. விளக்கு எரிய இரண்டு கம்பிகள் போதும்: மின்னோட்டத்தைக் கொண்டு வரும் பழுப்புக் கம்பி ஒன்று, அது திரும்பிச் செல்லும் நீலக் கம்பி ஒன்று. பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது கம்பி, அதாவது எர்த் கம்பி, அறுந்திருந்தாலும் விளக்கு அதே பிரகாசத்தோடு எரியும். எல்லாம் சரியாக இருக்கும்போது அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. அதனால்தான் அது இல்லாமல் போனால் யாரும் கவனிப்பதில்லை.

மாமாவின் கம்பியைப் பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். வண்டியில் மாட்டும் முனையில் நீல நிறத்தில் உருண்டையான இணைப்பி. பல நாடுகளின் முகாம் தளங்களில் பயன்படும் 16 ஆம்பியர் வகை. எர்த்துக்கும் அதில் இடம் உண்டு. அந்த முனையில் குறை இல்லை. வீட்டுப் பக்க முனைதான் சிக்கல். அதில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் புழங்கும் உருண்டை முள் பிளக் இருந்தது. அந்தப் பிளக்கில் எர்த்துக்கென்று நம்முடையதைப் போல நீண்ட முள் கிடையாது. பிளக்கின் ஓரத்தில் இருக்கும் உலோகப் பட்டைகள்தாம் எர்த். நம் சாக்கெட்டில் அந்தப் பட்டைகளைத் தொட எதுவுமே இல்லை. எனவே மாமா, 'எல்லா நாட்டுப் பிளக்கும் பொருந்தும்' வகையைச் சேர்ந்த மலிவான அடாப்டர் ஒன்றை இடையில் மாட்டியிருந்தார். உருண்டை முள் இரண்டும் அதில் நன்றாகப் பொருந்தின. ஓரப் பட்டைகள் வெறும் பிளாஸ்டிக்கை உரசிக்கொண்டு நின்றன. அடாப்டரின் மறுபக்கம் மூன்று முள் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் மூன்றாவது முள் எதனோடும் இணைக்கப்படவில்லை. நம் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் மூடியைத் திறப்பதற்கு மட்டுமே அது வைக்கப்பட்டிருந்தது.

உங்களில் சிலர் பேனா மூடியை மேல் துளையில் குத்தி அதே மூடியைத் திறந்து, இரண்டு முள் சார்ஜரைச் சொருகுவதை நான் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அதுவும் செய்யக்கூடாத வேலைதான். கைப்பேசி சார்ஜர் இரட்டைக் காப்பு உடையது, அதற்கு எர்த் தேவையில்லை என்பதால் நீங்கள் தப்பிக்கிறீர்கள். மோட்டார்ஹோம் கைப்பேசி சார்ஜர் அல்ல. அது மனிதர்கள் ஏறி இறங்கும் ஓர் உலோகப் பெட்டி. அதுவும் ரப்பர் டயர்மீது, தரையோடு தொடர்பு இல்லாமல் நிற்கும் பெட்டி.

கதவு ஏன் கடித்தது? வண்டிக்குள் இருக்கும் பேட்டரி சார்ஜரில், மின்னிரைச்சலை வடிகட்டச் சிறிய மின்தேக்கிகள் இருக்கும். அவை வழியாக மிகச் சிறிதளவு மின்னோட்டம் வண்டியின் உலோக உடலுக்குக் கசிவது இயல்பு. எர்த் இருந்தால் அது ஓசையின்றி மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் வண்டியின் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற சிறுமி தொட்டபோது, மண்ணுக்குச் செல்லும் வழி அவளே ஆனாள். பாய்ந்தது ஒரு மில்லிஆம்பியரையும் எட்டாத மின்னோட்டம். எனவே வெறும் கடியோடு போயிற்று.

மாமா சொன்ன ஆர்சிசிபிக்கு வருவோம். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் அந்தச் சாதனம் போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தொட்டால் சுற்றை அறுக்கும். எங்கள் வீட்டில் அந்த அளவு 30 மில்லிஆம்பியர். ஒன்றுக்கும் குறைவான மில்லிஆம்பியர் கசிந்தால் அது எப்படி விழும்? அது விழாதது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

இப்போது இன்னொரு நிலையைக் கற்பனை செய்யுங்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் பழுப்புக் கம்பி ஒன்றின் உறை தேய்ந்து, செம்பு வண்டியின் உடலைத் தொடுகிறது. எர்த் இருந்தால் அதே கணத்தில் மின்னோட்டம் எர்த் கம்பி வழியாகப் பாயும், ஆர்சிசிபி விழும், விளக்கு அணையும். யாரும் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. விளக்கு எரியும், ஏர்கோன் ஓடும். வண்டியின் உடல் 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடு தொடும் ஒருவரின் உடல் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்தால், 0.23 ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸுக்கோ இது நடந்ததே தெரியாது. ஆர்சிசிபி நல்ல நிலையில் இருந்தால் 0.3 விநாடிக்குள் அறுக்கும்தான்; ஆனால் அதற்கு முதலில் ஒரு மனிதர் அடி வாங்கியாக வேண்டும். எங்கள் வாசலில் அந்த மனிதர் ஏழு வயதுச் சிறுமி. பழைய வீடுகள் சிலவற்றில் 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி மட்டுமே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எர்த்தைச் சரிசெய்துவிட்டால் மட்டும் போதுமா? கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். மூன்றாம் படிவத்தில் படித்தது. ஏர்கோனுக்கு 1000 வாட், கெத்தலுக்கு 2000 வாட், பேட்டரி சார்ஜருக்கு 350 வாட், குளிர்பெட்டிக்கு 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3410 வாட். 230ஆல் வகுத்தால் 14.8 ஆம்பியர். '13 ஆம்பியர் பியூஸ் உடனே எரிந்துவிடும்' என்று தேர்வில் எழுதுவீர்கள். உண்மையில் எரியாது. 13ஐச் சற்றே தாண்டிய மின்னோட்டத்தை அந்தப் பியூஸ் நெடுநேரம் தாங்கும். அந்த நேரம் முழுவதும் சூடாவது பிளக்கும் கம்பியும்தான்.

கம்பியின் சூட்டையும் கணக்கிடலாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0133 ஓம். 25 மீட்டர் எக்ஸ்டென்ஷனில் போகவும் வரவும் 50 மீட்டர், ஆகத் தடை 0.67 ஓம். 13 ஆம்பியரின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் சுமார் 112 வாட். 25 மீட்டருக்கும் பரவிக் கிடந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் அத்தனை வெப்பமும் ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் அடைபட்டு, கம்பியின் உறை உருகக்கூடும். எக்ஸ்டென்ஷன் உருளைகள் பலவற்றில் இரண்டு வாட் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். சுற்றியிருந்தால் ஒன்று, முழுவதும் விரித்தால் இன்னொன்று. உங்கள் வீட்டில் உருளை இருந்தால் இன்றே தேடிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து வண்டிக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது என்று என் சக ஆசிரியர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடை போட்டால் மக்கள் கேட்கப் போவதில்லை. இரகசியமாக, இன்னும் மோசமான கம்பியால் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளட்டும் என்பதே என் நிலைப்பாடு. 350 வாட்டுக்கு ஒன்றரை ஆம்பியர்தான் ஆகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கிறது; பாதியை மட்டும் எடுத்தாலும் 600. 30 வாட் மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 240, எல்இடி விளக்குகளுக்கு 50, கைப்பேசிகளுக்கு 40. மொத்தம் 330. ஓர் இரவுக்குத் தாராளம். ஏர்கோன்தான் வேண்டுமென்றால் வீட்டுக்குள் வந்து படுக்கலாம். வீடு பத்தடி தூரத்தில்தானே இருக்கிறது!

கொடுப்பதாக இருந்தால், நம் நாட்டு மூன்று முள் பிளக் நேரடியாகப் பொருத்தப்பட்ட கம்பி வேண்டும். இடையில் அடாப்டர் கூடாது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை முதலில் அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை, கம்பியைச் சாக்கெட்டில் சொருகும் முன்பே மல்டிமீட்டரால் சோதிக்க முடியும். பிளக்கின் நீண்ட முள்ளுக்கும் வண்டியின் உலோக உடலுக்கும் இடையே தடை ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். இதைப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. 3, 5, 13 ஆம்பியர் பியூஸ்களில் எது பொருத்தம் என்று ஆண்டுதோறும் கேள்வி கேட்கிறோம். எத்தனை பள்ளிகளில் மாணவர் ஒரு பிளக்கைத் திருப்புளியால் திறந்து, மூன்று கம்பிகளும் எங்கே போகின்றன என்று பார்த்திருக்கிறார்? என் வகுப்பிலேயே இந்த ஆண்டுதான் தொடங்கினேன். நாற்பது நிமிடம் போதுமானதாக இருந்தது. பழைய பிளக்குகளை மாணவர்களே வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். அவற்றில் இரண்டில் எர்த் கம்பி கழன்று கிடந்தது.

மாமா அன்றிரவு விசிறிக் காற்றில் பேட்டரியிலேயே சமாளித்தார். திரும்பி வந்ததும் சரியான கம்பி ஒன்று வாங்கி, நண்பரின் வண்டியில் மாட்டி, எனக்குப் படம் அனுப்பினார். மூன்று முள் பிளக், எர்த், நீல இணைப்பி எல்லாம் இருந்தன. ஆனால் படத்தின் ஓரத்தில், கம்பியில் பாதி இன்னும் உருளையில் சுற்றியபடி இருந்தது. உடனே அவரை அழைத்தேன்.