ரொட்டித் துண்டின் மேல் ஒரு தேக்கரண்டி

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் தந்தையாரின் புத்தக அலமாரியைத் துடைக்க முனைந்தோம். தடித்த அகராதிகளை எடுத்தபோது அவற்றின் பின்னால் பாதி தீர்ந்த ஜாம் புட்டியும் ஒரு தேக்கரண்டியும் இருந்தன. தந்தையாருக்கு வயது எழுபத்தாறு. நீரிழிவு கண்டறியப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள். முதலில் எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாய்மையைக் கற்பித்த ஓர் ஆசிரியரைச் சொந்த வீட்டிலேயே திருடித் தின்ன வைத்தவர்கள் யார்? நாங்கள்தாம்.

எங்கள் வீட்டுச் சட்டம் எளியது: நாவுக்கு இனிப்பது எதுவும் அவருக்குக் கூடாது. அதே சட்டம், காலையில் அவர் உண்ணும் நான்கு வெள்ளை ரொட்டித் துண்டுகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. கணக்குப் பார்ப்போம். இரண்டு துண்டு வெள்ளை ரொட்டியில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து உண்டு. நான்கு துண்டுகளில் அது இரட்டிப்பு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஜாமின் எடை சுமார் 7 கிராம். இந்திய உணவுத் தர விதிப்படி ஜாமில் கரைந்துள்ள திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதில் பெரும்பகுதி சர்க்கரையே. ஆக, அந்தக் கரண்டியில் இருப்பது ஏறத்தாழ 5 கிராம். ஐம்பது கிராமைக் கண்டுகொள்ளாமல் ஐந்து கிராமுக்குக் காவல் போட்டிருந்தோம்.

உணவு எவ்வளவு விரைவாக இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது என்பதை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் அறிமுகப்படுத்தினர். தூய குளுக்கோஸை 100 என்று கொண்டால் வெள்ளை ரொட்டி சுமார் 75. ஸ்ட்ராபெர்ரி ஜாம் சுமார் 50. ரொட்டியின் மாவு முழுவதும் குளுக்கோஸாக உடைகிறது. சர்க்கரையிலோ பாதிதான் குளுக்கோஸ். மறுபாதியான ஃபிரக்டோஸ் இரத்தக் குளுக்கோஸை உடனடியாக அவ்வளவு உயர்த்துவதில்லை. இதனால் ஜாம் நல்லுணவு ஆகிவிடாது. இனிப்பு குற்றவாளி, மாவு நிரபராதி என்ற நம் தீர்ப்பு பிழை என்பதே செய்தி.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1994லேயே சர்க்கரைக்கான பழைய தடையைக் கைவிட்டது. உணவில் உள்ள மொத்த மாவுச்சத்தே முதன்மையானது. வேறு மாவுச்சத்தைக் குறைத்து அதற்கு ஈடாகச் சிறிது சர்க்கரை சேர்க்கலாம் என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் கடந்தும் நம் வீடுகளில் பழைய தடையே ஆள்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி, தமிழகத்தில் 14.4 விழுக்காடு. எத்தனை அலமாரிகளில் எத்தனை புட்டிகளோ!

தடையின் மறுபக்கம் தன்னேமாற்று. ஜாமை விலக்கிய அதே கை, 'இயற்கையானது' என்று தேனை நீட்டுகிறது. ஒரு தேக்கரண்டித் தேனில் சுமார் 6 கிராம் சர்க்கரை உண்டு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையே 4 கிராம்தான். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் நிறத்திலும் மணத்திலும் வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சுக்ரோஸ். தோசைக்குத் தொட்டுக்கொள்ள உகந்த பழனிப் பஞ்சாமிர்தமும் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை எல்லாம் கலந்த கூட்டணி. அதற்கு 2019இல் 'ஜி.ஐ.' கிடைத்தது உண்மை. அது புவிசார் குறியீடு. கிளைசீமிக் குறியீடு அன்று.

கடைப்பொருள்களிலும் கவனம் தேவை. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதிய புட்டியில் பழச்சாற்றுச் செறிவு இருக்கலாம், அதுவும் சர்க்கரையே. ஹேசல்நட் சாக்லேட் பசையில் பாதிக்கு மேல் சர்க்கரை. இனிப்புச் சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெயில் மாவுச்சத்து ஐந்தில் ஒரு பங்கே. ஆனால் பாதி கொழுப்பு என்பதால் அதற்கும் அளவு வேண்டும். முன்பக்க வாசகத்தை விட்டுப் பின்பக்க அட்டவணையைப் படிப்பதே வழி.

இன்னொன்றையும் மறக்கலாகாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்வோருக்குச் சர்க்கரை திடீரென 70க்குக் கீழ் இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம். நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால் விரைவாகக் கரையும் சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அப்போது ஒரு மேசைக்கரண்டித் தேன் மருந்தாகும். கொழுப்பு மிகுந்த சாக்லேட் பசை தாமதமாகவே வேலை செய்யும். இனிப்பை வீட்டை விட்டே துரத்தியவர்கள் அந்த நேரத்தில் எதைத் தேடுவார்கள்?

இன்று அந்தப் புட்டி எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மருத்துவரைக் கலந்துகொண்டே இதைச் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு துண்டுகளுக்குப் பதில் இரண்டு. ஒன்றில் வேர்க்கடலை வெண்ணெய், மற்றொன்றில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஜாம். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்தித் தந்தையார் தாமே எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். முதல் ஞாயிறு 168. பேரனின் பிறந்தநாளன்று நான்கு துண்டுகள், எண் 214. 180ஐத் தாண்டலாகாது என்பது மருத்துவர் சொல்லியிருந்த எல்லை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே இரண்டு துண்டுகளை எடுத்து டப்பாவில் திருப்பி வைத்தார்.

தமிழ் கற்பிக்கும் நாம் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அந்த அதிகாரம் அளவறிந்து உண்ணச் சொல்கிறது; சுவையை விலக்கச் சொல்லவில்லை. அதை வீட்டில் நடைமுறைப்படுத்த ஒரு ஜாம் புட்டி அகப்பட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவரின் அலமாரியிலும் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். எதுவும் அகப்பட்டால் கோபிக்காதீர்கள். மேசைக்குக் கொண்டு வந்து, அவர் கையில் ஒரு தேக்கரண்டியைக் கொடுங்கள்.