கொட்டகையில் கிடந்த சிவப்புக் கார்



ஒரு பொருள் பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவதா, எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் வழக்கு எழாத வீடு இல்லை. பெரும்பாலும் கையிலுள்ள பணமே அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஆனால், பணத்திற்குக் குறைவில்லாத ஒரு பெரிய நிறுவனம், புத்தம் புதிய கார்களை நாள்தோறும் உருவாக்கும் தொழிற்சாலையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, துருப்பிடித்த ஒரு பழைய காரைச் செப்பனிட மூன்று ஆண்டுகளைச் செலவிட்டது என்றால், அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். அந்தக் கதையை இத்திங்கள் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜெர்மனி நாட்டில், வீடுகளில் குவிந்து கிடக்கும் பழம்பொருள்களை ஒழுங்குபடுத்தி விற்பதற்கு உதவும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதன் குழுவினர் 2014-ஆம் ஆண்டில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஒரு கொட்டகையைத் திறந்தபோது, உள்ளே இரண்டு பழைய போர்ஷே கார்கள் கிடந்தன. ஒன்று பொன்னிறம், மற்றொன்று சிவப்பு. சிவப்புக் காரின் நிலை பரிதாபமானது. முன்சக்கரங்களின் மேலிருக்க வேண்டிய மட்கார்டுகளைக் காணோம். தகடுகளைத் துரு அரித்திருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் அதை எடைக்குத்தான் கேட்டிருப்பார். குழுவினர் ஸ்டட்கார்ட் நகரிலுள்ள போர்ஷே அருங்காட்சியகத்தைத் தொடர்புகொண்டு, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைக் கூறினர். 300.057 என்பது அந்த எண்.

அந்த எண்ணின் பொருள் விளங்க, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் பிராங்க்பர்ட் நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில், போர்ஷே நிறுவனம் 901 என்னும் புதிய காரை மக்கள் பார்வைக்கு வைத்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவரின் பேரர் பெர்டினாண்டு அலெக்சாண்டர் போர்ஷே அதன் வடிவத்தை அமைத்திருந்தார். இரண்டே கதவுகள், நெற்றியிலிருந்து வால்வரை ஒரே வளைவாகச் சரிந்து இறங்கும் கூரை. இத்தகைய வண்டியைக் 'கூபே' என்பர். வெட்டப்பட்டது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. குதிரை வண்டிக் காலத்தில், நால்வர் அமரும் பெட்டியை வெட்டிக் குறைத்து இருவருக்கானதாக்கியபோது பிறந்த பெயர். இந்தக் காரின் இயந்திரம் முன்புறத்தில் இல்லை, பின்புறத்தில் இருந்தது. ஆறு சிலிண்டர்கள், இரண்டு லிட்டர் கொள்ளளவு, 130 குதிரைத் திறன். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. விசிறி வீசும் காற்றே போதும். இந்த முறையை அவர்கள் 1998-ஆம் ஆண்டுவரை விடவில்லை.

1964-இல் இக்கார்கள் ஒவ்வொன்றாக உருவாகிவந்த வேளையில், பிரான்சு நாட்டின் பியூஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. நடுவில் பூச்சியம் அமைந்த மூன்றிலக்கப் பெயர்களை 1929 முதலே தாங்கள் தங்கள் கார்களுக்குச் சூட்டிவருவதாகவும், பிரான்சு நாட்டில் அவ்வுரிமை தங்களுடையதே என்றும் அது வாதாடியது. போர்ஷே வழக்காடவில்லை. பூச்சியத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் இன்னொரு ஒன்றை வைத்தது. 901 என்பது 911 ஆயிற்று. அப்பெயர் பின்னர் உலகப் புகழ் பெற்றதை இளைஞர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். பெயர் மாறுவதற்கு முன் 901 என்றே உருவானவை 82 வண்டிகள் மட்டுமே. கொட்டகையில் கிடந்த 57-ஆம் எண் வண்டி, 1964 அக்டோபரில் உருவான அவற்றுள் ஒன்று. தன்னுடைய மிகப் புகழ்பெற்ற காரின் முதல் வரிசையைச் சேர்ந்த ஒன்றுகூட அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் அதுவரை இருந்ததில்லை!

அடுத்து நடந்ததை நான் மெச்சுகிறேன். விற்பவருக்குத் தம்மிடமிருப்பது இன்னதென்று தெரியாது. வாங்குபவருக்கோ எல்லாம் தெரியும். வாணிபத்தில் இந்த இடம் மிகவும் வழுக்கலானது. நாமும் பழைய பாத்திரக்காரரிடமும் நிலத் தரகரிடமும் இதே இடத்தில் நின்றிருக்கிறோம், சில வேளைகளில் இந்தப் பக்கத்திலும், சில வேளைகளில் அந்தப் பக்கத்திலும். அருங்காட்சியகத்தார் வண்டி இன்னதென்று உறுதி செய்துகொண்டபின், தங்களைச் சாராத ஒரு மதிப்பீட்டாளரை விலை கூறச் செய்து, அவர் சொன்னதைக் கொடுத்தனர். பொன்னிற வண்டிக்கு 14,500 யூரோ. சிவப்பு வண்டிக்கு 1,07,000 யூரோ.

பின்னர் வேலை தொடங்கியது. கார் செப்பனிடுவதைப் பார்த்திராதவர்கள், இயந்திரத்தை ஓடச் செய்வதுதான் கடினம் என்று எண்ணுவார்கள். இயந்திரம் கழற்றி மாட்டக்கூடியது. அதன் அளவுகளுக்குக் கணக்கு உண்டு. உண்மையான போராட்டம் தகட்டோடுதான். இத்தகைய காரில் தனியான அடிச்சட்டமும் அதன்மேல் வைத்த கூடும் கிடையாது. தரைத்தகடு, கதவுக்கு அடியிலுள்ள பெட்டி போன்ற பகுதி, தூண்கள், கூரை ஆகிய யாவும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே உடலாக நிற்கின்றன. பெட்டிப் பகுதிக்குள் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கினால், துரு உள்ளிருந்து வெளிநோக்கித் தின்கிறது. வெளியே சிறு கொப்புளம் தெரியும்போது, உள்ளே பாதி போயிருக்கும். துத்தநாகம் பூசிய தகடுகள் இந்தக் காருக்கு வந்தது 1970-களின் நடுவில்தான். 1964-ஆம் ஆண்டு வண்டிக்கு அந்தக் காப்பும் இல்லை.

ஆகவே முதலில் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மணலை வேகமாகப் பாய்ச்சித் தேய்ப்பது ஒரு வழி. ஆனால் அதன் வேகத்திலும் சூட்டிலும் மெல்லிய தகடு நெளிந்துவிடக்கூடும். அருங்காட்சியகத்தார் இரசாயன முறையைக் கைக்கொண்டு பெயிண்டையும் துருவையும் நீக்கினர். இம்முறைக்கும் ஓர் இடர் உண்டு. மூலை முடுக்குகளில் எஞ்சும் மருந்தைச் செவ்வையாகக் கழுவி நீக்காவிட்டால், பல திங்கள் கழித்து அது கசிந்து புதுப் பெயிண்டை எழுப்பிவிடும். பெயிண்ட் போனபின் நிற்கும் தகடு ஒன்றையும் மறைப்பதில்லை; பழைய ஒட்டுகளும் துளைகளும் ஒருங்கே வெளிப்படும். பலர் இந்த நிலையில் மனம் தளர்ந்து, பாதியிலேயே விற்றுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. துரு தின்ற பகுதிகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தகடுகளை வைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது பழைய கார் என்னும் தகுதியை இழக்கிறது? அடிச்சட்ட எண் பொறித்த ஒரு துண்டு மட்டும் மிஞ்சினால், அதைச் சுற்றிக் கட்டியதைப் பழைய கார் என்று சொல்லலாமா?

இது வெறும் வீண் விவாதமன்று. 1990-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றமே இதைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1929-லும் 1930-லும் பிரான்சு நாட்டின் லெ மான் என்னுமிடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது, 'பழைய முதல் எண்' என்று பெயர்பெற்ற ஒரு பென்ட்லி கார். பிறகு அதற்கு வேறு இயந்திரம் பொருத்தப்பட்டது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிச் சென்ற கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன்பின் அது வேறொரு உடலமைப்போடு மீண்டும் கட்டப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து ஒரு கோடி பவுனுக்கு அதை விலை பேசியவர்கள், இதில் பந்தயத்தில் வென்ற காரின் பாகம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லையே என்று பின்வாங்கினர். நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? பாகங்கள் மாறியது உண்மையே. ஆனால் இடையறாத ஒரே வரலாற்றினூடே அவை மாறிவந்துள்ளன. அந்தக் கார் ஒரு நாளும் இல்லாமற் போய்விடவில்லை. ஆகையால் இது அதே கார்தான் என்று தீர்ப்பளித்தார்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். எனினும் ஒரு காரியம் என் மனத்தை உறுத்துகிறது. பந்தயக்களத்தில் ஓடும் கார் பாகங்களை இழப்பது அதன் வாழ்க்கை. ஆனால் கொட்டகையில் உறங்கிய காரின் பாகங்களை நாமாகவே எறிந்துவிட்டு, அதே கார் என்று சொல்லிக்கொள்வதை எவ்வாறு ஏற்பது? நம் மொழியில் 'புதுப்பித்தல்' என்ற சொல்லும் 'செப்பனிடுதல்' என்ற சொல்லும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். முதற்சொல், பழையதை இல்லாமற் செய்யவும் இடங்கொடுக்கிறது, இரண்டாவது அப்படியன்று.

அருங்காட்சியகத்தார் தெரிந்துகொண்ட வழி இரண்டாவது சொல்லுக்குரியது. காப்பாற்றக்கூடிய பாகம் எதுவாயினும், உடைந்த துண்டேயாயினும், அதை மாற்றாமல் திருத்திப் பயன்படுத்துவது என்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. உடலுக்கு மட்டும் இது முற்றிலும் கூடவில்லை. போய்விட்ட பகுதிகளுக்கு, அதே காலத்தைச் சேர்ந்த மற்றொரு காரின் உண்மையான பாகங்களைத் தேடி எடுத்துப் பொருத்தினர். இதை அவர்கள் மறைக்கவுமில்லை. தாங்கள் வெளியிட்ட செய்தியிலேயே சொல்லிவிட்டனர். தகட்டு வேலைக்கு மட்டும் 12 திங்கள் பிடித்தது. இயந்திரம், பல்சக்கரப் பெட்டி, மின்கம்பிகள், உள்ளிருக்கைகள் ஆகிய யாவற்றுக்கும் அதே விதிதான்.

புதிய பாகம் வாங்கிப் பொருத்துவதற்கு ஒரு மணி நேரம் போதுமென்றால், பழையதைத் திருத்துவதற்கு ஒரு வாரம் ஆகலாம். கூலிக்கணக்குப் பார்ப்பவர் எவரும் இதற்கு இசையமாட்டார். மேலும், வேலை முடிந்தபின் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டிற்கும் வேறுபாடே தெரியாது. பெயிண்ட் எல்லாவற்றையும் ஒன்றாக மூடிவிடும். எந்தத் தகடு 1964-இல் பிறந்தது என்பதைச் செய்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

மூன்று ஆண்டு உழைப்பிற்குப் பின், 2017 டிசம்பர் 14-ஆம் நாள் 57-ஆம் எண் வண்டி அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 8-ஆம் நாள்வரை நீடித்த சிறப்புக் கண்காட்சி அது. முன்மட்கார்டுகள் இருந்த இடத்தில் இருந்தன. நிறம் பழைய சிவப்பே.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பியூஜோவின் மறுப்பினால் 901 என்னும் எண் வண்டியின் பின்புறத்திலிருந்து மறைந்தது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையின் பாகப் பட்டியலை யாரும் திருத்தி எழுதவில்லை. அந்தத் தொடக்கக் காலக் காருக்கு ஒரு திருகாணி வேண்டுமென்று இன்று எழுதிக் கேட்டாலும், அதன் எண் பெரும்பாலும் 901 என்றே தொடங்கும்.